தேக்சாவில் விழுந்த ஒப்பந்தம்

இர்பானின் பிரியாணி தேக்சாவுக்குள் என் ட்ரோன் விழுந்தது தற்செயல் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதை ஓட்டியவன் நான் என்பதைத் தவிர அதில் என் தவறு எதுவும் இல்லை.

கோலியனூரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த காலி மனையில் இர்பான் வரிசையாக தேக்சாக்களை ஏற்றியிருந்தான். தம் உடைக்கிற நேரம். மூடியைத் தூக்கியதும் ஆவி பொங்கி எழும்பும் அல்லவா, அதை மேலிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டி வந்து தேக்சா பக்கத்தில் நிறுத்தினேன். என் மனைவி சகாய பிரியா இரண்டாவது கேமராவோடு அங்கேதான் நின்றாள். "வேணாங்க" என்றாள். என் யோசனைகளுக்கு அவள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூடி திறந்தது. ட்ரோன் ஆவிக்குள் போனது. வெளியே வரவில்லை.

இர்பானிடம் வேலை செய்யும் சமையல்காரர் மண்ணாங்கட்டி அண்ணன் நீளக் கரண்டியை விட்டுத் துழாவினார். ட்ரோனை வெளியே எடுத்து, இரண்டு தட்டு தட்டி, அதில் ஒட்டியிருந்த புதினாவைத் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"வெந்துடுச்சுப்பா" என்றார்.

பெண் சிரித்த சிரிப்பில் அவள் தலையிலிருந்த பூச்சரம் அவிழ்ந்து விழுந்தது. மாப்பிள்ளை தேக்சாவைப் பிடித்துக்கொள்ளப் போய்ச் சுட்டுக்கொண்டான். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் இர்பான்.

அவன் என்னைத் திட்டவில்லை. "பரவால்லண்ணே" என்றான். அவ்வளவுதான். அந்த தேக்சாவை அப்படியே ஓரம் கட்டிவிட்டு அவசரமாக வேறு அரிசி ஊற வைத்தான். கடைசிப் பந்தி தாமதமானது. பெண்ணின் பெரியப்பா வந்து கத்தினார், என்னிடம் இல்லை, இர்பானிடம். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று ட்ரோனிலிருந்து ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இர்பான் எனக்கு ஒரு கல்யாணம்கூட அனுப்பவில்லை.

இந்த அனுப்புகிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எனக்குத் திண்டிவனத்தில் ஆண்டோ ஸ்டூடியோ. இர்பானுக்கு விழுப்புரத்தில் பிரியாணி சர்வீஸ். கல்யாணம் வைத்திருப்பவர்கள் போட்டோக்காரனிடம் வந்தால் அடுத்த கேள்வி, "சமையலுக்கு நல்ல ஆளு யாராச்சும் இருக்காங்களா?" சமையல்காரனிடம் போனால், "போட்டோவுக்கு யாரு?" நான் சமையல் கேட்பவர்களை அவனிடம் அனுப்புவேன். அவன் போட்டோ கேட்பவர்களை என்னிடம் அனுப்புவான். கமிஷன் கிடையாது. ஆளுக்கு ஆள்.

வாய்ப்பேச்சாகவே இது வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. என் மச்சான், அதாவது பிரியாவின் தம்பி அலெக்ஸ், வக்கீல் ஆனான். புதிதாக அரிவாள் வாங்கியவன் கண்ணில் பட்ட கிளையையெல்லாம் வெட்டிப் பார்ப்பது போல, அவன் எங்களையும் உட்கார வைத்து ஒப்பந்தம் எழுதினான். ஆண்டோ ஸ்டூடியோ சமையலுக்கு வேறு யாரையும் சொல்லக் கூடாது. இர்பான் போட்டோவுக்கு வேறு யாரையும் சொல்லக் கூடாது. ஒரு வாடிக்கையாளரின் பெயரை முதலில் தெரிவிப்பவரே அவரை அறிமுகம் செய்தவர் ஆவார்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பூசை முடிகிற நேரத்தில் சாமியார் அறிவிப்பார். ஊர் முழுக்க அதைக் கேட்டு, பெண் யார், பையனுக்கு என்ன வேலை என்று முணுமுணுக்கும். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, பக்தியில் அல்ல, இர்பானுக்கு வாட்ஸப்பில் பெயர்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். முதலில் தெரிவித்தவன் நான்தானே. சாமியார் "ஆமென்" சொல்வதற்குள் பெயர் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும்.

இர்பான் நல்லவன். எந்தக் கிறிஸ்தவக் கல்யாணம் அவனிடம் வந்தாலும், "ஆண்டோ அண்ணன் சொன்ன பார்ட்டி" என்று என் கணக்கில் வைத்துக்கொள்வான். பதிலுக்கு ஒரு கல்யாணத்தை என்னிடம் அனுப்புவான்.

ட்ரோன் விழுந்த பிறகும் நான் ஓலைகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அவனிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை. போன் செய்தேன்.

"இன்னாடா இர்பானு, ஒருத்தரையும் காணோம்?"

"சீசன் இல்லண்ணே."

அது தை மாதம். எங்கள் தெருவிலேயே ஒரே நேரத்தில் இரண்டு மைக்செட் அலறிக்கொண்டிருந்தன. அவன் பின்னால் யாரோ "ரெண்டாவது பந்திக்கு வெங்காயம் போதாது" என்று கத்துவதும் கேட்டது.

"ட்ரோன் விஷயத்துல கோவமாடா?"

"ச்சே, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன். அண்ணே, அடுப்புல வேலை. அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வரவே இல்லை. நேரில் போனால் உட்கார வைத்து, தட்டு நிறைய வைத்து, பிள்ளைகளை விசாரித்து, வண்டி வரைக்கும் வந்து வழியனுப்புவான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டான். வாய் நிறைய பிரியாணியோடு ஒருவனைக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால், ஸ்டூடியோ ஒன்றும் ஈ ஓட்டவில்லை. பிரியாவுக்குத் தனியாக ஆர்டர்கள் வர ஆரம்பித்திருந்தன. கோட்டக்குப்பம் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் கூடத்துக்குள் ஒரு பெண்தான் போய்ப் படம் எடுக்க முடியும். அவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் வளவனூர், விக்கிரவாண்டி என்று மற்றவர்களும் அவளையே கேட்டார்கள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மூலம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் அவளைப் பின்னால் உட்கார வைத்து, லைட்டை முன்னால் கட்டிக்கொண்டு போவேன். குடும்பப் படம் எடுக்கும்போது லைட்டைப் பிடித்தபடி ஏதாவது உளறிக்கொண்டிருப்பேன். மற்ற நேரத்தில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து உளறுவேன்.

அங்கேயும் சமையல் பெரும்பாலும் இர்பான்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வான். ஆனால் பந்தியில் என் இலைக்கு மட்டும் துண்டு கூடுதலாக வரும். குற்ற உணர்ச்சி என்று முடிவு செய்து, அதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்.

எனக்கு அவன் அனுப்பும் கல்யாணங்கள்கூட முக்கியமில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவனுக்கு நான் இன்னும் வேண்டுமா, வேண்டாமா? அந்த ஒரு வார்த்தை தெரியாமல் ராத்திரி சோறு இறங்கவில்லை. (மத்தியானம் இறங்கியது. அதைத்தான் மேலே சொன்னேனே.) நேராகக் கேட்டுப் பதில் வராததால், வளைத்துக் கேட்பதென்று முடிவு செய்தேன். அலெக்ஸிடம் போனேன்.

"நோட்டீஸ் உடுடா மச்சான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான். "மாமா, இது கோர்ட்டுக்குப் போற மேட்டரா? வுட்டுடுங்களேன்."

"ஒப்பந்தம் எழுதினது நீதானே. போட்டோ கேக்கறவங்கள வேற எங்கியோ அனுப்பறான். ஏன்னு வாயத் தொறந்து சொல்லட்டும்."

"நோட்டீஸ் உட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க மாமா. வக்கீல்தான் தொறப்பாரு."

"உனக்கு எதாச்சும் தெரியுமாடா?"

"பிரிவு நாலுல பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தான். ஒரு ஆள் கேள்விக்குப் பதிலாகப் பிரிவு நம்பர் சொன்னால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். இதுவும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நோட்டீஸ் போயிற்று. நஷ்டஈடு, நற்பெயருக்குக் களங்கம் என்று அலெக்ஸ் இஷ்டத்துக்கு எழுதியிருந்தான். எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. பிரியா அதைப் படித்துவிட்டு, "அனுப்பிட்டீங்களா?" என்றாள். அனுப்பிட்டேன் என்றதும் உள்ளே போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்க ஆரம்பித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் மல்லாட்டை வறுப்பாள், கோபம் வந்தாலும் வறுப்பாள். கதவு சாத்தியிருந்ததால் எது என்று தெரியவில்லை.

இர்பானின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. தன் கட்சிக்காரர் ஒப்பந்தத்தை ஒருபோதும் மீறவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, என்மேல் பாய்ந்திருந்தார். தாங்கள் அறிமுகம் செய்ததாகச் சொல்லும் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஞாயிறு பூசையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டவை. ஆகவே அவர்களை அறிமுகம் செய்தவர் பங்குத்தந்தையே ஆவார். உரிமை கோருவதாக இருந்தால் அவர்தான் கோர வேண்டும்.

அலெக்ஸ் அதை இரண்டு தடவை படித்தான். "பாயிண்ட்டாத்தான் அடிச்சிருக்காரு" என்றான், என் வக்கீல்.

வியாபார வழக்கென்றால் முதலில் சமரசம் பேசிப் பார்க்க வேண்டுமாம். விழுப்புரம் கோர்ட் வளாகத்தில் அதற்கென்று ஒரு அறை. பிரியாவும் கூட வந்தாள். "நீ எதுக்கு?" என்றேன். "சும்மா" என்றாள். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் அலெக்ஸும் உள்ளே போனோம். எதிரே இர்பான், பெருநாளுக்குத் தைத்த சட்டையில், சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் வக்கீல் வரவில்லை. நடுவில் சமரசம் பேசுபவர், ராஜாமணி என்ற மூத்த வக்கீலம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னா வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஏன்னு தெரியணும்மா."

"நஷ்டஈடுன்னு போட்டிருக்கீங்க."

"அது மச்சான் எழுதினது."

அலெக்ஸ் இருமினான்.

அம்மா இர்பான் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. போட்டோவுக்கு ஆளு வேணும்னு உங்கிட்ட யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்கம்மா."

"எங்க அனுப்பின?"

"ஆண்டோ ஸ்டூடியோவுக்குத்தான்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "பொய்ம்மா. நான்தான் ஆண்டோ. எங்கிட்ட ஒருத்தர் வர்ல."

"ஸ்டூடியோவுல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. நானும் என் வீட்டுக்காரியுந்தான்."

சொல்லிவிட்டு, சொன்னதை நானே ஒரு தடவை கேட்டேன். இர்பான் தரையைப் பார்த்தான். அலெக்ஸ் தலைக்கு மேலிருந்த ஃபேனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஃபேன் ஓடவே இல்லை.

"வெளிய பெஞ்சுல உக்காந்துகினு இருக்காங்களே, அவங்களா?" என்றார் அம்மா. "கூப்பிடுங்க."

பிரியா வந்தாள். அவள் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவள் மாதிரி வந்து நின்றாள்.

"எனக்கு வந்த கல்யாணம் எல்லாமே இர்பான் தம்பி அனுப்பினதுதாங்கம்மா" என்றாள்.

"ஸ்கூல் பிரெண்டுங்கன்னு சொன்னியே" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்? 'ஸ்கூல் பிரெண்டா'ன்னு நீங்க கேட்டீங்க. நான் 'ம்' சொன்னேன்."

அவள் தன் போனை எடுத்து அம்மாவிடம் காட்டினாள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். கோலியனூர் கல்யாணம். இரண்டாவது கேமராவில் அவள் எடுத்தது. நடுவில் நான், ஆவி பறக்கும் ட்ரோனை இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு பக்கம் பெண், பூ அவிழ்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை சுட்ட விரலை வாயில் வைத்தபடி சிரிக்கிறான். பின்னால் மண்ணாங்கட்டி அண்ணன் கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, போர் முடித்த சிப்பாய் மாதிரி நிற்கிறார்.

ராஜாமணி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடியும் பார்த்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். தோள் குலுங்கியது.

"அந்தப் பொண்ணு வீட்டுல இத பெருசா பிரேம் போட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்காங்கம்மா" என்றான் இர்பான். அன்று அவன் குரல் முதல் தடவையாக நிமிர்ந்தது. "எல்லார் போனுக்கும் போயிடுச்சு. எங்கிட்ட சமையல் பேச வர்றவங்க எல்லாம் இதக் காட்டி, இத எடுத்தவங்கதான் வேணும்னு கேக்கறாங்க. எடுத்தது அண்ணி. நான் இன்னா பண்றது? அண்ணி நம்பரக் குடுத்தேன்."

"இத எங்கிட்ட சொன்னா இன்னாடா?"

"எப்படிண்ணே சொல்றது? 'உன்ன வேணான்றாங்க, அண்ணியக் கேக்கறாங்க'ன்னா?"

அலெக்ஸ் மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் இதே பேஜாருதான் மாமா. அக்கா எப்பவோ சொல்லிடுச்சு. வீட்டுக்குள்ளாரயே எதிர்க்கட்சி."

ஆக, எந்த ட்ரோன் என் பிழைப்பைக் கெடுத்தது என்று நினைத்தேனோ, அதுதான் இத்தனை நாள் சோறு போட்டிருக்கிறது. இர்பான் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருக்கிறான். அவன் அனுப்பிய ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வண்டி ஓட்டியவன் நான். லைட் பிடித்தவன் நான். கூடுதல் துண்டைத் தின்றவன் நான். அவன்மேல் நோட்டீஸ் விட்டவனும் நான்.

ராஜாமணி அம்மா தன்னைச் சரிசெய்துகொண்டு பேப்பரை இழுத்தார். "சரி. இவரு அனுப்பிட்டாரு. நீங்க இவருக்கு அனுப்பினவங்க யாரு யாரு?"

"ஓலை வாசிச்சவங்கம்மா."

"பூசையில உக்காந்து மெசேஜ் போட்டீங்களா?"

"ஓலை வாசிக்கறப்ப மட்டுந்தாம்மா. பிரசங்கத்துல போட மாட்டேன்."

"மாமா, பேசாதீங்க" என்றான் அலெக்ஸ்.

ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும், அறிமுகம் பற்றிய வரியை மட்டும் மாற்றுங்கள் என்று அம்மா சொன்னார். பெயரைச் சொன்னால் போதாது, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் எதிரே உட்கார வைத்தால்தான் அறிமுகம். எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான் கையெழுத்துப் போடும்போது, அந்தப் படத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி பிரியாவிடம் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடவே, அவருடைய பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணமாம். யார் யாரை யாருக்கு அறிமுகம் செய்தார்கள் என்று இதில் பிரிவு போட அலெக்ஸாலும் முடியாது.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. அலெக்ஸுக்கு வேறு கேஸ் இருந்ததால் போய்விட்டான். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். டீ வந்தது. வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் நான் கேட்க வந்த கேள்வி இன்னும் என் கையிலேயே இருந்தது, அந்த டீ மாதிரி.

"டேய் இர்பானு. ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காம சொல்லு. என் போட்டோ நல்லாருக்குமா, நல்லாருக்காதா?"

"ட்ரோன் ரிப்பேர் ஆயிடுச்சாண்ணே?"

"அதக் கேக்கல."

"டீ ஆறுதுண்ணே."

"ஆறட்டும்."

அவன் பிரியாவைப் பார்த்தான். அவள் வடையைப் பிட்டுக்கொண்டே, "சொல்லிடு தம்பி. என்னால இந்த வருஷம் மல்லாட்டை வறுத்து முடியல" என்றாள்.

இர்பான் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நல்லாருக்காதுண்ணே. நீ எடுத்தா கல்யாணப் பொண்ணுகூட ஆதார் கார்டுல இருக்கற மாதிரி இருக்கும்."

ரோட்டில் திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை மூன்று பேரும் அதையே பார்த்தோம். வலிக்கும் என்று நினைத்தேன். பல் பிடுங்கியது போலத்தான் இருந்தது, நாக்கு மட்டும் அந்த இடத்தைப் போய்ப் போய்த் தொட்டது.

"அப்ப நான் எதுக்குடா உனக்கு?" என்றேன். தமாஷாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் தமாஷுக்கு ஒத்துழைக்கவில்லை. "அவள மட்டும் கூப்ட்டுக்கினு போயேன்."

"கூப்ட்டனேண்ணே. போன மாசம் வளவனூர் கல்யாணத்துக்கு நீ காய்ச்சல்னு வர்லியே, அண்ணி மட்டுந்தானே வந்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல. மாப்ள கடைசி வரைக்கும் செருப்பு தொலைஞ்சவன் மாதிரியே நின்னுக்கினு இருந்தான். அண்ணியும் எவ்ளோ நேரந்தான் எடுப்பாங்க? பொண்ணோட அப்பா அடுப்பாண்ட வந்து எங்கிட்ட கேக்கறாரு, 'ட்ரோன வேக வச்ச ஆளு எங்கப்பா, அவரு இருந்தாத்தானே இவங்க பல்லக் காட்டுவாங்க'ன்னு."

பிரியா வடையை மென்றபடி தலையாட்டினாள்.

"அப்ப?" என்றேன்.

"அப்ப இன்னாண்ணே. நீ வேணும். உன் கேமரா மட்டும் வேணாம்."